பன்றி சுட நான் பார்த்து வாங்கிய குழாய்

எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. நாலு ஆண், ஒரு பெண் என்று ஐந்து பேரைப் பெற்று, புருஷன் போன பிறகும் ஒருத்தர் வாசலில் போய் நிற்காமல் ஐந்து பேரையும் ஆளாக்கினவள் நான். பேய், காத்துக் கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இருட்டில் தனியாக மடை திருப்பி வாழைக்குத் தண்ணீர் விட்டவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? இதைப் படித்துவிட்டு, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழை இருக்கும். நடக்காததை எழுதவில்லை.

எங்கள் வாழைத் தோட்டம் கொள்ளிடத்துக்கு வடகரையில். வரப்பில் நின்றால் அக்கரையில் ஸ்ரீரங்கத்துக் கோபுர விளக்குத் தெரியும். மூன்று வருடமாக நாணலுக்குள்ளிருந்து காட்டுப்பன்றி கூட்டமாக ஏறி வந்து, வாழைக் கிழங்கைத் தோண்டித் தின்று, தார் போட்ட மரத்தைச் சாய்த்துவிட்டுப் போகிறது. பழைய புடவையை வேலியாகக் கட்டினோம், வெடி போட்டோம், ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் ஊர் விவசாயிகள் சங்கத்தில் வனத்துறைக்கு எழுதிப் போட்டு, சுடுவதற்கு அனுமதி வந்து, மரியதாஸ் என்று ஒருவரை அனுப்பினார்கள். பட்டாளத்தில் இருந்தவர், நிதானமான மனுஷன். இருட்டில் சுட வேண்டுமானால் துப்பாக்கி மேல் மாட்ட தெர்மல் ஸ்கோப் வேண்டும் என்றார். வெளிச்சமே வேண்டாமாம், உடம்புச் சூட்டை வைத்தே பார்க்குமாம், உயிருள்ளதெல்லாம் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் தெரியுமாம். எங்கள் ஊரில் அதற்குக் குழாய் என்றே பெயராகிவிட்டது.

ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் வேறு கவலை. என் கடைசிப் பிள்ளை செல்வராசு, நாற்பது வயசுக்காரன், பெண்டாட்டி காய்ச்சலில் போன அன்று மூடின வாயை இரண்டு வருடமாகத் திறக்கவில்லை. புத்தூரில் டாக்டரிடம் காட்டி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி எழுந்து தோட்டத்துக்குப் போய், வாழைக்கு நடுவில் சுருண்டு படுத்துக்கொள்வான். கதவைப் பூட்டினால் கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு இறங்குவான். இருட்டில் சுருண்டு கிடக்கிறவனைப் பன்றி என்று நினைத்து ஒருத்தர் சுட்டுவிட்டால் நான் யாரிடம் போய் அழுவது?

கடையிலிருந்து இரண்டு குழாய் பார்வைக்கு வந்தன. சின்னது விலை குறைவு. பெரியது அதைப்போல் இரண்டு பங்கு. சங்கத்துத் தலைவர் சுப்பிரமணி, சின்னதே போதும் என்றான். பன்றி ஏறுகிற வழி என் தோட்டம், உட்கார்ந்து சுடத் தோதான இடம் என் மோட்டார் கொட்டகை மாடி. அதனால் நான் சொன்னேன், எந்தக் குழாய் மனுஷனையும் பன்றியையும் பிரித்துக் காட்டுகிறதோ அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் என் கொட்டகையில் ஒருத்தரும் ஏறக் கூடாது என்று. அதை எப்படிச் சோதிக்கிறது என்று கேட்டார்கள். நானே போய்ப் பன்றி மாதிரி நிற்கிறேன் என்றேன்.

சிரித்தார்கள். சிரிக்கட்டும். இருட்டினதும் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, வாழைக்கு நடுவில் போய், முட்டியும் கையும் மண்ணில் ஊன்றி நின்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முதலில் சின்னக் குழாய்.

"பெரியம்மா, ஒரு பன்னி தெரியுது," என்றான் சுப்பிரமணி. "கொஞ்சம் கிழட்டுப் பன்னி."

"கிழட்டுப் பன்னி எத்தனை விரல் காட்டுதுன்னு சொல்லுடா."

அவனால் சொல்ல முடியவில்லை. பெரிய குழாயில் மரியதாஸ் பார்த்தார். "மூணு விரல். இப்ப ரெண்டு. கண்ணாடி போட்ட இடம் மட்டும் கறுப்பா இருக்கு, மத்தபடி உங்க முகமே தெரியுதும்மா," என்றார். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தேன். பெரிய குழாயைத்தான் வாங்கினார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முதல் நாள் காவல். மரியதாஸ் மாடியில் ஏறிவிட்டார். செல்வராசுவுக்கு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே வாசற்படியில் சாய்ந்தவள் எப்படியோ கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் பாய் காலி. மேலே ஓடு விலகி வானம் தெரிந்தது. மரியதாஸுக்குப் போன் போட்டேன். பன்றிக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று அணைத்து வைத்திருந்தார். ஓடினேன். எழுபத்தாறு வயதில் ஓட்டமா என்று கேட்காதீர்கள், செருப்பு எங்கே கழன்றது என்றுகூடத் தெரியாது. எந்த நிமிஷமும் வெடிச் சத்தம் கேட்கும், கேட்டால் எல்லாம் முடிந்தது, அந்த நினைப்பிலேயே ஓடினேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்றும் நினைவில்லை. எந்தக் கதியில் இருந்தாலும் என் பிள்ளையை எனக்குக் கொடுத்துவிடு என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஓடினேன், அது நினைவிருக்கிறது.

"சுடாதீங்க, சுடாதீங்க" என்று கத்திக்கொண்டு டார்ச்சை அடித்தேன். கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பன்றிகள். ஏழு இருந்தன. வெளிச்சம் பட்டால் ஓடுகிற ஜாதி அது, அன்றைக்கு ஓடவில்லை. வட்டமாக நின்று நடுவில் எதையோ முகர்ந்துகொண்டிருந்தன. நடுவில் என் பிள்ளை. ஒருக்களித்து, காலை மடக்கிப் படுத்திருந்தான். நான் கிட்டே போகப் போக, பன்றிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கோயிலில் தரிசனம் முடிந்து போகிறவர்கள் மாதிரி நிதானமாக விலகிப் போயின. நம்பினால் நம்புங்கள்.

மரியதாஸ் இறங்கி வந்தார். டார்ச்சு வெளிச்சத்தில் அவர் முகம் செத்துப்போயிருந்தது. கால்மணி நேரமாக அந்த இடத்தையே குழாயில் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏழு பன்றியும் தெரிந்தன, பன்றிகளின் காது மடல்கூடத் தெரிந்தது, ஓடி வருகிற நானும் தெரிந்தேன். நடுவில் இருந்த இடம் கறுப்பாகவே இருந்ததாம். இந்தப் பக்கம் நின்ற பன்றியைக் குறி வைத்து விரலை வைத்துவிட்டாராம், நான் கத்தாவிட்டால் அழுத்தியிருப்பாராம்.

"இங்க ஆளே இல்லம்மா," என்றார், அவனைப் பார்த்துக்கொண்டே.

மறுபடி அவரே, உடம்பெல்லாம் ஈரச் சேறு, அதனால் சூடு தெரியாமல் போயிருக்கும் என்றார். சரி என்றேன். நான் அப்போது அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை, ஏனென்றால் செல்வராசு கண்ணைத் திறந்து, இரண்டு வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றான்.

அன்றிலிருந்து அவன் தேறிவிட்டான். பேசுகிறான், சாப்பிடுகிறான், தோட்டத்து வேலையைப் பார்க்கிறான், ராத்திரி எழுந்து போவதில்லை. நான் பட்ட பாட்டுக்குப் பலன் என்று ஊரே சொன்னது. ஒரு வாரம் கழித்துச் சாயங்காலம் மரியதாஸ் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனசு ஆறவில்லை, கோளாறா என்று பார்க்க வேண்டும் என்றார். என் கையில் கொடுத்தார். அடுப்பைப் பார்த்தேன், வெள்ளை. கோழி வெள்ளை. மரியதாஸ் வெள்ளை, சட்டைக் காலர்வரை தெரிந்தார். அப்படியே வாசல் பக்கம் திரும்பினேன். செல்வராசு குளித்துத் துவட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தான்.

குழாயில் நாற்காலி மங்கலாகத் தெரிந்தது. சூடான டம்ளர் மட்டும் பளீரென்று வெள்ளையாக அந்தரத்தில் நின்றது. மெதுவாக மேலே போயிற்று. வாய் இருக்க வேண்டிய உயரத்தில் நின்று, சாய்ந்து, மறுபடி கீழே வந்தது. பின்னால் சுவர்கூடத் தெரியாத கறுப்பு, ஆள் உயரத்துக்கு.

கண்ணை எடுத்துப் பார்த்தால், என் பிள்ளை மீசையில் பால் ஏடோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

மரியதாஸ் வாங்கிப் பார்த்தார். மூடியைப் போட்டு மூடினார். "கோளாறுன்னே வச்சுக்குவோம்மா," என்றார். காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

அவன் தூங்கும்போது நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன். சூடு இருக்கிறது. பெற்றவள் கைக்குத் தெரிகிற சூடு அந்தக் குழாய்க்கு ஏன் தெரியவில்லை? மரியதாஸ் அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வருவதில்லை, வேறு ஆள் வருகிறார். அதே கொட்டகை, அதே குழாய். வெள்ளையாக இல்லாத இடத்தில் யாரும் இல்லை என்று நம்பித்தான் அவர் சுடுகிறார். விஷயத்தைச் சொல்லலாம் என்று இரண்டு தடவை போனேன். என் பிள்ளை குழாயில் தெரியமாட்டான் என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் ஊர் அவனை என்னவென்று பார்க்கும்? திரும்பி வந்துவிட்டேன். ஓடு போட்ட இடத்தில் தகரம் அடித்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசற்படியில் படுக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் கால் கழுவிக்கொண்டே கேட்டான். "இன்னைக்கு ராத்திரி சுட வராங்களாம்மா?"

"ஏன்டா கேக்குற?"

"சும்மாதான்," என்றான். கல்யாணத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்பதுபோல் அவ்வளவு ஆசை அந்தக் குரலில்.

இவ்வளவுதான் என்னால் எழுத முடிந்தது. பொன்மலையிலிருந்து என் மகளின் பெண் பூங்கொடி லீவுக்கு வந்திருக்கிறாள், அவளிடம் கொடுக்கப் போகிறேன். பூங்கொடி, இதை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு கண்ணு, விட்டுப்போன எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். சத்தம் வேண்டாம். உன் மாமா உள்ளே விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார்.