மார்லிஸ் எஞ்சினை நிறுத்தச் சொன்ன சனிக்கிழமை

எங்கள் குட்டி செஸ்னா விமானத்தில் நான்கு பேர்தான் பாராசூட்டில் குதிக்கப் போக முடியும். ஐந்தாவது ஆள் நான். நான் குதிப்பதில்லை, ஓட்டுகிறேன். என் இருக்கையைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றியாகிவிட்டது. நான்கு பேரும் தரையில், ஒருவர் முழங்காலுக்கு நடுவில் ஒருவராக, முதுகில் பாராசூட் மூட்டையோடு நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, பத்தாயிரம் அடி ஏறும்வரை அரசியல் பேசுவார்கள். ஹெட்செட்டை எவ்வளவு இறுக்கி மாட்டினாலும் அந்தப் பேச்சு உள்ளே வந்துவிடும். எனக்கு இரண்டு கட்சியையும் பிடிக்காது. யார் ஆண்டாலும் விமானப் பெட்ரோல் விலை ஏறத்தான் செய்கிறது.

அந்தப் பேச்சில் பாதி மார்லிஸ் ஓட்டிங்கருடையது, மீதி டுவேன் பிக்கரலுடையது. கூட வரும் மற்ற இரண்டு பேருக்கும் சிரிக்கிற வேலை மட்டும்தான்.

மார்லிஸ், வெல்டன் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், ஓட்டுநர்களுக்கே உரிய உரத்த குரல். கல்யாண நாளுக்காக அவள் கணவன் இரண்டு பேருக்கும் சேர்த்துக் குதிக்கப் பணம் கட்டினானாம். வந்த இடத்தில் விமானத்தைப் பார்த்ததும் அவன் மாட்டேன் என்று புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். இவள் மட்டும் போய்க் குதித்தாள், அடுத்த வாரமும் வந்தாள். அப்புறம் அந்தக் கணவன் இங்கே வருவது நின்றது, சில வருஷத்தில் வீட்டைவிட்டே போய்விட்டான். அவனைப் பற்றி அவள் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல மனுஷன், தரைக்கு ஏற்றவன் என்பாள், அதோடு சரி.

அவள்தான் எங்கள் ஓடுதளத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. யாருடைய குதிப்பில் ஆபத்து தெரிந்தாலும் அவரைத் தரையிலேயே நிறுத்திவைக்கும் அதிகாரம் மட்டும் உண்டு. விமானக் கொட்டகையின் சொந்தக்காரன் ரஸ் லோமனைக்கூட ஒரு தடவை நிறுத்தியிருக்கிறாள். சனிக்கிழமை காலையில் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பாள். உத்தரத்திலிருந்து வாரைக் கட்டி அவர்களைத் தொங்கவிட்டு, கயிறு முறுக்கிக்கொண்டால் என்ன செய்வாய், துணி கிழிந்தால் என்ன செய்வாய் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் சட்டென்று உயரம் என்ன என்பாள். மணிக்கட்டில் கட்டிய உயரமானியைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்க்கிறவனுக்கு அன்று விமானத்தில் இடமில்லை. என் மூஞ்சியிலா எழுதியிருக்கிறது என்று கேட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

டுவேனுக்கு ஊர் முனையில் வெல்டிங் கடை. வரி என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு உடம்பு எரியும். இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் குதிக்க ஆரம்பித்தவர்கள். அவன் அவளைத் தோழர் என்பான், அவள் அவனை முதலாளி என்பாள். அந்த முதலாளியின் கடையில் அவனையும் ஒரு பூனையையும் தவிர வேறு ஆள் கிடையாது.

எங்களில் அநேகம் பேர் மூட்டைக்குள் ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள். ஆள் தாழ்வான உயரத்துக்கு வந்தும் வேகம் குறையாமல் விழுந்துகொண்டிருந்தால், அது தானாகவே இரண்டாவது பாராசூட்டைத் திறந்துவிடும். மாணவர்களுக்கு அது கட்டாயம், மற்றவர்களுக்கு அவரவர் இஷ்டம். டுவேன் வைத்துக்கொள்ளவில்லை. அதை வைத்தே ஒவ்வொரு வாரமும் சண்டை மூளும்.

“என் முதுகுல கவர்மென்ட ஏத்திக்கிட்டு நான் குதிக்கிறதா இல்ல தோழர். எப்ப இழுக்கணும்னு எனக்குத் தெரியும்,” என்பான்.

“செவப்பு வெளக்கு போட்டதும் கவர்மென்ட்தானேய்யா. அங்க மட்டும் ஏன் நிக்கிற?”

“போலீஸ் இருந்தா நிப்பேன்.”

அவள் கட்சி கையில் அதிகாரம் இருந்தால் ஒரே பாராசூட்டைக் கிழித்து ஆளுக்கு ஒரு முழம் என்று பங்கு போட்டுவிடும் என்பான். அவன் கட்சி என்றால் பணக்காரனுக்கு நாலு பாராசூட் கொடுத்துவிட்டு, மற்றவனிடம் கையை ஆட்டிப் பறக்கச் சொல்லும் என்பாள் அவள். குதிக்கும் உயரம் நெருங்கி நான் எஞ்சின் சத்தத்தைக் குறைக்கும்போது அவள்தான் பேச்சை நிறுத்துவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. நான்கு பேரும் ஒருவர் மூட்டையை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள், கதவு திறக்கும், போய்விடுவார்கள். இறங்கும்போதுதான் எனக்கு நிம்மதி.

அந்த மே மாதம் எங்கள் ஊரில் பள்ளிக்கூட வரிக்கு ஓட்டெடுப்பு வந்தது. வீட்டு வரியோடு இன்னும் கொஞ்சம் கட்டச் சம்மதமா என்று சில வருஷத்துக்கு ஒரு தடவை ஊரைக் கேட்பார்கள். டுவேன் கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாக ஏறி, கூடாது என்று பேசினான். வரி தோற்றது, அதுவும் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான் தோற்றது. செலவைக் குறைக்கப் பள்ளிக்கூடம் முதலில் கை வைத்தது பேருந்தில். மார்லிஸுக்கு வேலை நேரம் பாதியானது, பாதி நேர வேலைக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. கிண்டல் வேறு, வயிற்றில் அடிப்பது வேறு. அவள் கத்தவில்லை. சனிக்கிழமை வந்தாள், டுவேனோடுதான் குதித்தாள், ஆனால் முதலாளி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

டுவேனும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஜூன் மாதத்தில் ஒரு நாள் ஏறிக்கொண்டிருக்கும்போது யாரோ வேண்டுமென்றே வரியைப் பற்றி வாயைக் கிளறினார்கள். டுவேன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தான். இரண்டாம் தடவை கேட்டதும் தூக்கத்திலிருந்து விழித்தவனைப் போல என்ன என்றான். ஜெயித்த சங்கடத்தில் வாய் அடைத்துப் போயிருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அப்படி இன்னும் இரண்டு மூன்று தடவை நடந்தது. சண்டை ஒன்று நடுவில் இருந்ததால் யாரும் வேறு விதமாக யோசிக்கவில்லை.

ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மார்லிஸும் டுவேனும் ஜோடியாகக் குதித்தார்கள். நான் இறங்கி வந்தபோது கீழே ஒரே கூச்சல். டுவேனின் பாராசூட் மரத்து உச்சிக்குக் கொஞ்சம் மேலேதான் திறந்ததாம். புல்வெளிக்கு வந்து சேர உயரம் போதாமல் சோளக்காட்டில் இறங்கியிருந்தான். கதிர்களை விலக்கிக்கொண்டு துணியை வாரிச் சுருட்டியபடி சிரித்துக்கொண்டே வந்தான். நேரத்துக்குத்தான் இழுத்தேன், துணி சாவகாசமாக விரிந்தது, மடித்ததில் ஏதோ கோளாறு என்றான். அப்படி நடப்பதும் உண்டு. ரஸ் அந்தத் துணியைப் பிரித்துப் பார்த்தான், குறை ஒன்றும் கண்ணில் படவில்லை. மார்லிஸ் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் கண்டது வேறு. இரண்டு பேரும் எதிரெதிராக விழுந்துகொண்டிருந்தார்கள். பிரிய வேண்டிய உயரம் வந்ததும் அவள் கையை ஆட்டினாள். டுவேன் அசையவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மறுபடியும் ஆட்டினாள். அதற்கு மேல் அவனோடு இருக்கக் கூடாது, இருந்தால் இரண்டு உயிரும் போகும். அவள் திரும்பி விலகித் தன் பாராசூட்டைத் திறந்துவிட்டுக் கீழே பார்த்தபோது, அவன் அதே நிலையில் கையை விரித்தபடி போய்க்கொண்டே இருந்தான். துணியில் ஒரு கோளாறும் இல்லை. மரத்து உச்சி நெருங்கும்வரை அவன் இழுக்கவே இல்லை. இதைப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். அவள் வாயிலிருந்து வந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் மழை, யாரும் குதிக்கவில்லை. வாரநாட்களில் அவளுக்குக் கோடைப் பள்ளியின் சின்ன வண்டியை ஓட்டும் வேலை. அடுத்த சனிக்கிழமை காலை வெயில் நன்றாக இருந்தது. டுவேன் பெயர் கொடுத்துவிட்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தான், மற்ற மூன்று பேரும் ஏறினார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மார்லிஸ் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, வாரில் தொங்கிக்கொண்டிருந்த மாணவர்களையும் மறந்து, புல்லில் வேகமாக நடந்து வந்து, எனக்கு நேர் முன்னால் நின்று கழுத்தை அறுப்பது போலச் சைகை காட்டினாள். எஞ்சினை நிறுத்தினேன். விசிறி நின்றதும் கதவுப் பக்கம் வந்தாள்.

“டுவேன், எறங்கு.”

“எதுக்கு?”

“டாக்டர் பாத்து, தலைய ஸ்கேன் எடுத்து, சரின்னு சொல்ற வரைக்கும் நீ குதிக்கக் கூடாது.”

“துணி லேட்டா விரிஞ்சதுக்குத் தலைக்கு ஸ்கேனா?”

“துணி லேட்டாவெல்லாம் விரியல. நீ நேரத்துக்கு இழுக்கல. நான் எதிர்லயே இருந்தேன். என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போன.”

டுவேன் இறங்கினான். கொட்டகையில் இருந்தவர்களெல்லாம் வெளியே வந்து நின்றுவிட்டார்கள். அவன் அவர்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“வரி தோத்துச்சுல்ல, அந்தக் கடுப்பு. ஓட்டுல தோத்துட்டு இங்க வந்து பழி வாங்குற. அத நேராச் சொல்லேன் தோழர்.”

மார்லிஸின் முகமும் கழுத்தும் சிவந்தன. இல்லை என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“கடுப்பு இருக்கு,” என்றாள். “இன்னும் இருக்கு. நீ போ வீட்டுக்கு.”

அவன் போனான். கூடவே அவன் சிநேகிதர்கள் இரண்டு பேர் தங்கள் மூட்டைகளை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம் என்று ரஸ் முனகினான். எனக்கும் அன்று அவள்மேல் கோபம்தான். பத்துப் பேர் நடுவில் ஒரு மனுஷனை மூளை கெட்டவன் என்று சொல்வது லேசான காரியமா? டுவேன் அடுத்த வாரம் இண்டியானா மாநில எல்லையைத் தாண்டி வேறொரு ஓடுதளத்துக்குப் போனான். மார்லிஸ் அதற்கு முன்பே அங்கே போன் போட்டுச் சொல்லியிருந்தாள். அங்கேயும் அவனை ஏற்றவில்லை. போன இடத்துக்கெல்லாம் துரத்துகிறாள் என்று ஊரில் பேச்சு. மளிகைக் கடையில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். அந்தக் கோடை முழுக்க அவள் ஒழுங்காக வந்தாள், வகுப்பு எடுத்தாள், ஏறும்போது வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு அவர்களுடைய பழைய இரைச்சலே தேவலை என்று ஆகிவிட்டது எனக்கு.

அக்டோபரில் சோளமெல்லாம் அறுத்தான பிறகு, குளிரான ஒரு காலையில் டுவேனின் பிக்கப் வண்டி வந்து கொட்டகை முன்னால் நின்றது. ஓட்டி வந்தது அவன் மனைவி நோரீன். அவன் அந்த வண்டியை இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. நானும் மார்லிஸும் விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தோம். டுவேன் இறங்கவில்லை, ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். இரண்டு பேரும் பக்கத்தில் போனோம்.

ஒரு நாள் ஊர் நடுவில் விளக்குப் பச்சையான பிறகும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தானாம், அப்புறம் திடீரென்று அழுத்தி ஒரு தபால் பெட்டியை இடித்துத் தள்ளியிருக்கிறான். ஒரு வகை வலிப்பு, மூளை நடுநடுவில் கொஞ்ச நேரம் அணைந்து போகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வண்டி ஓட்டக் கூடாது. இதையெல்லாம் நோரீன்தான் சொன்னாள். டுவேன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்னைக்குக் கதவுல கால் வெச்சது தெரியும்,” என்றான். “அடுத்துத் தலைக்கு மேல துணி விரிஞ்சு நிக்குது, கீழ சோளம். நடுவுல ஒண்ணும் இல்ல. எப்ப இழுத்தேன்னே தெரியாது.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் துணி மேல பழியப் போட்டியா?”

“பயந்தான். வேற என்ன சொல்லச் சொல்ற? நீ பழி வாங்குறன்னு சொன்னதும் பொய்யின்னு தெரியும். அதச் சொன்னா நீ பயந்துக்கிட்டு விட்டுருவன்னு பாத்தேன்.”

“நீ சொல்றதுக்கு முன்னாடியே பயந்துட்டேன்யா. கண்ணால பாத்துட்டு ஒரு வாரம் வாயத் தொறக்கல. வரிக்காகத்தான் நான் இப்படிப் பண்றேன்னு சொல்லிருவாங்கன்னு. ஒரு வாரந்தானே, சனிக்கிழமைக்கு முன்னாடி எவன் குதிக்கப் போறான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

டுவேன் அப்போதுதான் நிமிர்ந்து, அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

“அந்த வாரமே புதன்கிழமை நான் இவங்களுக்கு போன் பண்ணேன்,” என்றான். “சாயங்காலம் ஒரு தடவ மேல தூக்கிட்டுப் போங்கன்னு.”

மார்லிஸ் என் பக்கம் திரும்பினாள். உண்மைதான், கூப்பிட்டான். வாரநாளில் யார் கூப்பிட்டாலும் நான் ஏறுவேன். அன்று ஆயில் மாற்றுவதற்காக எஞ்சின் மூடியைக் கழற்றிப் போட்டிருந்தேன், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அது என் நினைவிலேயே இல்லை.

“ஆயில் வேல இல்லன்னா கூட்டிட்டுப் போயிருப்பியா?” என்று கேட்டாள்.

“போயிருப்பேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லலியே.”

மார்லிஸ் வண்டிக் கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அந்தக் கையின் மேல் வைத்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். டுவேன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். நோரீன் எஞ்சினை அணைத்தாள்.