ஒரே கேள்வி, மூன்று பதில்

பம்பாய் தாராவியில் இருந்த கோமதியம்மாள், ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. 1946இல் அவளுக்குப் பத்து நாள் பயிற்சி. தேறினால்தான் வேலை நிரந்தரம். பயிற்சியால் பலன் உண்டா என்று பார்க்க, முதல் நாள் கேட்ட கேள்வியையே கடைசி நாளும் மாதுங்கா நர்ஸ் நாகலக்ஷ்மி கேட்டாள்.

"படுத்த படுக்கையா இருக்கறவாளை எத்தனை மணிக்கொரு தரம் புரட்டணும்?"

"நாலு, சிஸ்டர்."

"அன்னிக்கு ரெண்டுன்னு சரியாச் சொன்னேளே!"

"மறுபடியும் கேக்கியளே, மொதல்ல சொன்னது தப்புன்னுல்லா நெனச்சேன்!"

"சரி, இப்போ சொல்லுங்கோ."

மூன்றாம் முறையும் கேட்டதால், இரண்டு பதிலுமே தப்போ என்று கோமதியம்மாளுக்குத் தலை சுற்றியது. அதற்குள் வார்டுக் கடிகாரம் பதினொன்று அடித்தது.

"அந்தக் கட்டில் தாத்தாவ ஒம்பதுக்குப் பொரட்டுனது. இந்தா வாரேன் சிஸ்டர்!"

ஓடிப்போய்ப் புரட்டிவிட்டுத் திரும்பியவள், "மூணுதானே, சிஸ்டர்?" என்றாள்.

நாகலக்ஷ்மி ஏற்கெனவே 'தேர்ச்சி' என்று எழுதியிருந்தாள்.