எதிர்வீட்டுத் தண்ணீர்

எங்கள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் தண்ணீர் லாரிக்கு ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள் நிற்கும். முதலில் வைத்த குடத்துக்கு மனிதருக்குரிய மரியாதை உண்டு. அதைத் தள்ளி வைப்பவரைப் பிளாக்கே காறித் துப்பும். இதெல்லாம் நன்றாகத் தெரிந்துதான் எட்டு வயதில் நான் அதைச் செய்தேன்.

அன்று காலை எங்கள் நான்கு பச்சைக் குடங்களையும் வரிசையில் வைத்தது நான்தான். எனக்கு முன்னால் எதிர்வீட்டு அத்தையின் நான்கு நீலக் குடங்கள் இருந்தன. கொடித் துணி சொட்டிய தகராறில் அவளும் அம்மாவும் ஒரு வருஷமாகப் பேசுவதில்லை. அம்மாவுக்கு உபகாரம் செய்வதாக நினைத்து, யாரும் பார்க்காதபோது நீலத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். அன்று பார்த்து லாரியில் தண்ணீர் குறைச்சல். எங்கள் நான்காவது குடம் நிரம்பியதும் தீர்ந்துபோனது.

பேரக் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு அத்தை ஓடி வந்தபோது லாரி போய்விட்டிருந்தது. அவள் மகள் பிள்ளை பெற்று வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "வெள்ளன வெச்ச கொடம் எப்டி பின்னாடி போவும்?" என்று அவள் அழுதது எங்கள் வீடுவரை கேட்டது. அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரை மும்முரமாகப் படித்தேன்.

அம்மா நான்கு குடங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் எதிர்வாசலில் வைத்தாள்.

"இது உன் தண்ணிக்கா. எங்க கொடம் முந்திக்கினு போயிடுச்சி. தப்பு எங்க மேலதான்."

"அப்போ நீதான் தள்ளி வெச்சியா? புத்தர வெச்சி கும்புட்டுக்கினு பண்ற வேலையா இது?"

பிளாக்கே எட்டிப் பார்த்தது. ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கும் அம்மா தலைகுனிந்து நின்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. அன்றோ, அம்மாவுக்கு விஷயம் தெரியவில்லை, தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

மதியம் அடிபம்புத் தண்ணீரில் பொங்கிய சோறு வாயில் வைக்க முடியாமல் கரித்தது. ஷிப்டு முடிந்து வந்த அப்பா, "இன்னாமே, ரெண்டு தபா உப்பு போட்டியா?" என்றார்.

"இன்னிக்கி அப்டித்தான். துன்னு," என்றாள் அம்மா.

மாலையில் புத்தர் படத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றி ஐந்து உறுதிமொழிகளைச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா சொல்லச் சொல்ல நானும் தம்பியும் திருப்பிச் சொல்வோம். அன்று இரண்டாவதில், "கொடுக்காததை..." என்றவள் நிறுத்திவிட்டாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அலுப்பில் மறந்துவிட்டாள் போல என்று நினைத்து, "எடுக்க மாட்டேன்!" என்று நானே உரக்க எடுத்துக்கொடுத்தேன்.

அம்மா என் தலையைத் தடவிவிட்டு அடுத்ததைச் சொன்னாள். என் ஞாபகசக்திக்குக் கிடைத்த பாராட்டு என்று எனக்குப் பெருமையாக இருந்தது.