அக்கா போனில் நான்கு படி

போன் விளையாட்டுகளுக்குப் பட்டனும் பேனலும் வரைவது என் வேலை. அதற்கு முன்பு துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் சரக்கு அடுக்கும் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு வயதில் இதற்கு மாறினேன். தூத்துக்குடி வீட்டு மாடியில் உட்கார்ந்து வரைந்து சென்னைக்கு அனுப்புவேன்.

பேனல் என்பது எழுத்தைத் தாங்கும் பலகை. எழுத்து கூடினால் அதுவும் நீள வேண்டும், ஆனால் மூலையில் உள்ள அலங்காரம் இழுபடக் கூடாது. அதனால் குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு போட்டு படத்தை ஒன்பது துண்டாக்குவோம். நாலு மூலையும் அசையாது. ஓரங்கள் ஒரு திசையில் நீளும். நடுத்துண்டு எல்லாப் பக்கமும் விரியும். கோடு கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் மூலையில் வரைந்த சங்கு, வீசிய பரோட்டா மாவு மாதிரி ஆகிவிடும். என் சங்குகள் ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

ஒருமுறை மீன்பிடி விளையாட்டு ஒன்று வந்தது. போனில் ஒருவர் எழுத்தை எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறாரோ, விளையாட்டிலும் அதே அளவு வர வேண்டும் என்பது நிபந்தனை. எந்தப் போனிலும், எந்த எழுத்தளவிலும் என் பேனல் பொருந்தும் என்று நான் எழுத்தில் கொடுத்திருந்தேன். சென்னையில் எனக்கு மேலாளர் ஒரு பெண். அதிகம் பேச மாட்டார். ‘ஐந்து பேருடைய சொந்தப் போனில், அவர்கள் வைத்திருக்கும் அளவிலேயே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெள்ளி மாலை ஐந்துக்குள் அனுப்புங்கள். சரியாக இருந்தால் முழு விளையாட்டும் உங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டும்’ என்று பதில் போட்டார்.

நான்கு போன் தேறின. ஐந்தாவது, இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் அக்காவுடையது. குடும்ப வாட்ஸப் குழுவை நடத்துவது அவள்தான். எழுத்தை ஆகப் பெரிய அளவில் வைத்திருப்பாள். அவள் தினமும் போடும் காலை வணக்கத்தை எதிர்வீட்டு மாடியிலிருந்தும் படிக்கலாம்.

அவள் போனில் திறந்தேன். ‘வலையை இழுக்கவும்’ மூன்று வரியானது. பேனல் விரிந்து படகை மூடியது, பிறகு கடலை மூடியது. நாலு மூலையிலும் சங்கு மட்டும் அளவு பிசகாமல் நின்றது.

“கடலைக் காணோம்லே” என்றாள் அக்கா.

“இன்னும் வேலை இருக்குக்கா.”

அவள் டீ போட உள்ளே போனாள். வெள்ளிக்கிழமை, மணி 4.25. நான் செட்டிங்ஸுக்குப் போய் எழுத்தளவை நான்கு படி குறைத்தேன். கடல் திரும்பி வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். பழைய அளவுக்கு மாற்றப் போகும்போது ஏரலிலிருந்து பெரியம்மா மகள் கூப்பிட்டுவிட்டாள். அக்கா போனை வாங்கிக்கொண்டாள். அவர்கள் பேச்சு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைய டைரியில் இருக்கிறது: ‘அக்கா போன், எழுத்து நான்கு படி குறைப்பு. நாளை திரும்ப வைக்க.’ அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

மறுநாள் குழுவில் காலை வணக்கம் வரவில்லை. 7.30க்கு, வேலை எனக்குத்தான் என்று மேலாளரின் மெயில் வந்தது. 7.40க்கு அத்தான் கூப்பிட்டார்.

“மாப்ள, ஒங்க அக்காளுக்குக் கண்ணு போயிட்டு.”

உண்மையைச் சொன்னால் பத்து நிமிடத்துக்கு முன் வந்த வேலை போய்விடும். யாருக்கும் தெரியாமல் அளவைத் திரும்ப வைத்துவிட்டால் கண் தானாகவே சரியானது போல ஆகிவிடும் என்று எண்ணிக்கொண்டு போனேன்.

அத்தானுக்குச் சந்தேகமே வராது, முடிவுதான் வரும். சர்க்கரை வியாதி என்று முடிவு செய்து, டீயில் சீனியை நிறுத்தியிருந்தார். கண்ணுக்கு நல்லது என்று ஏரலிலிருந்து முதல் பஸ்ஸில் பொன்னாங்கண்ணிக் கீரை மூன்று கட்டு வந்திறங்கியிருந்தது. அக்காவின் போன் அத்தானின் சட்டைப் பைக்குள் இருந்தது.

“அத்தான், போனை ஒரு நிமிசம் தாங்க.”

“இதைப் பாத்துப் பாத்துத்தான் அவ கண்ணு போச்சு. ஒனக்கும் போணுமா?”

கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் அக்காவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரச் சொன்னார். ஸ்கூட்டரை நிழலில் நிறுத்தப் போன அத்தான், அக்கா பையோடு போனையும் என்னிடம் கொடுத்தார். பத்து வினாடியில் எழுத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன்.

“இப்பப் பாருக்கா.”

அவள் கண்ணைச் சுருக்கினாள். சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை.

“நேத்து பொடிப்பொடியாவாவது தெரிஞ்சுதுலே. இப்ப அதுவும் போச்சு” என்று அழ ஆரம்பித்தாள்.

இனி சொல்லாமல் இருக்க முடியாது. “அக்கா, கண்ணுக்கு ஒண்ணுமில்ல. நான்தான் நேத்து எழுத்தைச் சின்னதாக்குனேன்.”

“என்னத்துக்குலே?”

“கடல் தெரியணும்னு.”

கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: “ஒனக்குக் கடல் தெரியணும்னா பீச்சுக்குப் போவ வேண்டியதுதானலே. என் கண்ணைப் பிடுங்குவியா?”

பக்கத்து பெஞ்சில் இருந்தவர் எங்களுக்கு வசதியாகத் தள்ளி உட்கார்ந்தார்.

“ஒன் மேனேஜர் பிள்ளைக்கு இது தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப அந்தப் பிள்ளையும் என்னை மாதிரிதான் ஏமாந்து கெடக்கா. போடு போனை.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மேலாளரிடம் சொன்னேன். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் தெரியாததால் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை படி என்று மட்டும் மேலாளர் கேட்டார், சொன்னேன்.

“அந்த மெயிலை இல்லைன்னு வச்சுக்குங்க சார். திங்கக்கிழமை வரைக்கும் டைம். அவங்க வச்சிருந்த அளவிலயே கடல் தெரியணும்.”

அக்காவின் கண் போன வருடம் போலவேதான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அத்தானுக்கு அதில் திருப்தியில்லை, சீனி திரும்பி வர ஒரு வாரம் ஆனது.

இரண்டு நாள் உட்கார்ந்தேன். திரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேனல் வளராதபடி கட்டினேன். அதற்கு மேல் போகும் எழுத்தை விரலால் தள்ளிப் படிக்கலாம். ‘வலையை இழுக்கவும்’ என்பதை ‘இழு’ என்று மாற்றினேன். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்தது.

வேலை எனக்கே வந்தது, ஒரு நிபந்தனையோடு: இனி எந்தப் பேனலும் அக்காவின் போனில் தேற வேண்டும், படத்தை அக்காவே எடுத்து அனுப்ப வேண்டும். இப்போது வாரம் ஒருமுறை போகிறேன். அவள் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டுவாள்.

“கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாருலே.”