தளிக்குப் போன பலாப்பழம்

நேற்று எங்கள் ஓசூர் அடுக்குமாடி லிஃப்டில் யாரோ பலாப்பழம் ஏற்றியிருந்தார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் யானை வருகிறதா என்று பார்த்தேன்.

காரணம் தளி. காட்டை ஒட்டிய மலைச்சரிவில், பகலிலேயே கொட்டாவி விடும் அந்த ஊரில், ராகிக் களியும் ஈர விறகுப் புகையும் மணக்கும் ஓட்டு வீட்டில் அத்தை இருந்தாள். அங்கே பலாவைப் பிஞ்சிலேயே வெட்டிக் குழம்பு வைத்துவிடுவார்கள். பழுக்க விட்டால் வாசனைக்கு யானை வரும். ஷிஃப்டும் சைரனும் தவிர வேறொன்றும் அறியாத அப்பாவோ, தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று, என் சிறுவயதில் ஒருமுறை கனிந்த பழமொன்றை மடியில் வைத்து, எங்களையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் போனார்.

அத்தை வாசலிலேயே மறித்தாள்.

"ஏண்ணா, யானைக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கறியா?"

"தூக்கிப் போட்டுடட்டுமா?"

"எங்க போட்டாலும் தேடி வரும். பொழுது சாயறதுக்குள்ள தின்னு தீருங்க!"

தின்றோம். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் கையெடுத்துக் கும்பிட்ட பிறகும் அவர் தட்டில் நாலு சுளை விழுந்தது. தோலையும் சடையையும் மாமா ஆழக் குழி வெட்டிப் புதைத்தார். எங்களைப் புதைக்க முடியாததால், சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து, இருட்டுவதற்குள் ஓசூர் பேருந்தில் ஏற்றிவிட்டார்.

அந்த வீடிருந்த இடம் இப்போது மனைப்பிரிவு. பெயரில் மட்டும் வனம் இருக்கிறது.

நேற்று மாலை லிஃப்டில் வந்த அந்தப் பழத்தில் எங்களுக்கும் பங்கு வந்தது. அவசர அவசரமாக விழுங்கினேன்.

"மெதுவாத்தான் தின்னுங்களேன், யாரு புடுங்கிக்கப் போறாங்க?" என்றாள் மனைவி.

நாலாவது மாடிதான். இருந்தாலும் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.