அண்ணன் கீழே இறங்கிய பாட்டு

பேனரில் எங்கள் எல்லோருக்கும் தலைமுடி இருந்தது. அகரத்தைத் தாண்டி உள்ளே போகும் தார் ரோட்டில், நாங்கள் பாட வந்த ஊரின் மாதா கோயில் வளைவுக்குப் பக்கத்தில் இரண்டு மூங்கில்களை நட்டு அதைக் கட்டியிருந்தார்கள். பழைய போட்டோ ஒன்றை எங்கிருந்தோ பிடித்துப் பெரிதாக்கியதில் முகங்கள் பிசிறடித்திருந்தன. ஆனாலும் ஆட்களை அடையாளம் தெரிந்தது. அகலக் காலர் சட்டை, பெல்பாட்டம், காதை மூடிய முடி. நடுவில் மைக்கைச் சாய்த்துப் பிடித்தபடி அண்ணன். ஓரத்தில் குச்சி போல நான். டிரம்ஸ்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே வேனிலிருந்து இறங்கி, செத்த நேரம் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவனுக எல்லாம் எப்ப வருவானுக?" என்று கேட்டார். சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எங்கள் பாட்டுக் குழுவில் நான் பாடியவனும் இல்லை, வாசித்தவனும் இல்லை. பேசியவன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது, பேச்சு நிற்கவில்லை. பகலில் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடையில் நிற்பேன். திருவிழாக் காலம் வந்தால் மேடையில் நிற்பேன். கிட்டார் தந்தி அறுந்தாலும், கரண்டு போனாலும், பாடுகிறவருக்குத் தொண்டை கட்டினாலும் கூட்டம் எழுந்து போகாமல் பிடித்துவைப்பது என் வேலை. குழுவை நடத்தியவர் மாஸ்டர். மாதா கோயிலில் பாட்டுப் பூசைக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம் செட்டும் வாங்கி வந்து, கோயிலுக்கு வந்த பையன்களையே சேர்த்து, ஊர் அதிரும்படி ஒரு குழுவை ஆரம்பித்துவிட்டார். "என்னயப் பாத்தாலே சாமியாரு சிலுவை போட்டுக்கிறாருப்பா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அண்ணன் என்று நான் சொல்வது எங்கள் பாடகரை. அவரைவிட மூத்தவர்களும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். மெதுவாக இழுத்துப் பாடுகிற பாட்டெல்லாம் அவருக்கு ஆகாது. கிட்டார் அலற, டிரம்ஸ் அடிக்க, அதற்கும் மேலே ஏறி நிற்கிற பாட்டுகள்தான் அவருடையவை. சாணார்பட்டிப் பக்கம் எங்கள் நிகழ்ச்சி என்றால் சாயங்கால டவுன் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. கடைசிப் பாட்டில் அண்ணன் மேடையிலிருந்து கீழே குதிப்பார். மைக் வயர் பின்னாலேயே வரும். கூட்டத்தில் இருப்பவர்கள் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் கை மாற்றிக் கை மாற்றி விடுவார்கள். வயர் எங்கே இழுத்துப் பிடிக்கிறதோ அங்கே நின்று பாடி முடிப்பார். மேடைக்கு முன்னால் நாலைந்து வரிசைக்குள்ளேயே அது முடிந்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பவர்கள், வயர் நீளமாக இல்லையே என்று எங்களைத் திட்டுவார்கள்.

அவர் சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. பாட்டின் நடுவே கை தட்டினால் கூட்டத்தையே அதட்டுவார். "தம் போட்ட பிரியாணியத் தொறந்து தொறந்து பாக்காதீங்கய்யா, ஆவி போயிரும்" என்பார். இன்னொரு குழுவில் டேப்பைப் போட்டுவிட்டு வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னபோது, அண்ணனுக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. "இன்னொருத்தன் வாயில போற சோறு என் வயித்த நெரப்புமா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

பிறகு எல்லாக் குழுக்களையும் போல நாங்களும் கலைந்தோம். கிட்டார்காரர் வெளிநாடு போனார், டிரம்ஸ்காரர் தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்தார், எனக்குக் கடையே கதியானது. அண்ணன் மட்டும் கல்யாண வீடு, கோயில் என்று கூப்பிட்ட இடத்தில் பாடிக்கொண்டிருந்தார். நோய்த் தொற்றுக் காலத்தில் அவரை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தொண்டைக்குள் குழாய் வைத்திருந்தார்கள். உயிர் திரும்பியது, குரல் திரும்பவில்லை. காதும் அதற்கு முன்பே மந்தம். ஒரு ஆயுள் முழுக்க ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றவருக்கு வேறென்ன ஆகும்? அதனால் தன் குரல் என்ன ஆனது என்பது ஊருக்கெல்லாம் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. லேசாகக் கரகரப்பு இருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் அகரம் பக்கத்து ஊரிலிருந்து திருவிழா நடத்தும் இளைஞர்கள் வந்து கேட்டார்கள். அவர்கள் அப்பாக்கள் எங்கள் பாட்டுக்குப் பைத்தியமாக இருந்தவர்களாம். திருவிழாவுக்குப் பழைய ஆட்களையே மேடை ஏற்ற வேண்டுமாம். மாஸ்டர் வீட்டு மாடியில் கூடினோம். தைல வாசம், மூக்குக் கண்ணாடிகள், இருமல். மாஸ்டர் சுருதியை இரண்டு கட்டை இறக்கி வாசித்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கெட்டித் துணியைக் கிழிக்கும்போது நடுவில் நூல் சிக்கிச் சிக்கி நிற்குமே, அப்படி வந்தது குரல். மேலே போகவேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து, "எப்பிடி? இன்னும் ஒரு கட்டை ஏத்தலாம்ல?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேசுகிறவன் நான்தானே. "ஏத்துனா கூரை தாங்காதுண்ணே" என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் மதினி, அதாவது அண்ணனின் மனைவி, மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கொடுத்த காபியைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

"கொழாய எடுத்த அன்னைக்கி, பேச்சு வந்ததும் மொத வார்த்தை என்ன கேட்டாக தெரியுமா தம்பி? 'நான் பாடலாமா'ன்னு கேட்டாக. என்னயக்கூடத் தேடல. வீட்டுல காத்தால ஆரம்பிச்சா நிக்காது, பாடிக்கிட்டேதான் இருக்காக. எனக்கு அது பழகிப்போச்சு. ஊரு அப்பிடிக் கேக்காது. சனம் சிரிச்சா அவுக பொழைக்க மாட்டாக."

போகவேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாமே என்றார் மாஸ்டர். சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், தலைக்குச் சாயமும் வாங்கி வைத்திருக்கிறார் என்று மதினி சொன்னதும் மாஸ்டர் பேச்சை விட்டுவிட்டார்.

அண்ணன் இல்லாமல், மதினியோடு மறுபடி மாடியில் கூடியபோது வழியைச் சொன்னவர், திருவிழாவுக்கு மைக்செட் போடும் சவுண்ட் சர்வீஸ்காரர். மேடையில் சத்தம் இரண்டு பக்கம் போகும். பெரிய பெட்டிகள் மேடையைவிட்டுத் தள்ளி, இரண்டு ஓரத்திலும் கூட்டத்தைப் பார்த்து இருக்கும். சின்னப் பெட்டிகள் மேடைத் தரையில் எங்களைப் பார்த்து இருக்கும், பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக. எந்த மைக்கை எந்தப் பக்கம் விடுவது என்பது அவர் விரலில் இருக்கிறது. அண்ணனின் மைக்கை மேடைப் பெட்டிக்கு மட்டும் விடலாம், நிறைய எக்கோ சேர்த்து. மாஸ்டரின் அக்கா மகன் கல்யாண வரவேற்புகளில் பாடுகிறவன், பழைய கேசட்டுகளைக் கேட்டு அண்ணன் மாதிரியே பாடக் கூடியவன். அவனை மேடைக்குப் பின்னால் துணி மறைப்பில் உட்காரவைத்து, அவன் குரலைக் கூட்டத்துக்கு விடலாம். மதினி கையெடுத்துக் கும்பிட்டார். டிரம்ஸ்காரர் மட்டும் படி இறங்கும்போது என் காதோரம், "உசுரோட இருக்குறவன் போட்டோவுக்கு மாலை போடுறோம்லே" என்றார். ஆனால் அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

திருவிழாவன்று வெளிச்சம் போவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டோம். முன் வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்கள் வயதுக்காரர்கள். பின்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி இளவட்டங்கள். முதல் பாட்டின் முதல் வரிக்கே கூட்டம் ஓவென்றது. இந்த வயசிலும் இப்படியா என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அண்ணன் முகம் பழுத்த பழம் போல ஆனது. நான் நின்ற இடத்தில் இரண்டும் கேட்டன. காலடிப் பெட்டியில் உடைந்த குரல். வெளியே, மைதானத்தில், முழுக் குரல். ஒரே பாட்டு, ஒரே சொல். நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அண்ணனைப் புகழ்ந்து பேசினேன். நாக்கு பழக்கத்தில் பேசியது.

கடைசிப் பாட்டில் அவர் கீழே இறங்குவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இறங்கினாலும் மேடைக்கு முன்னாலேயே நின்றுவிடுவார், அவருடைய மந்தக் காதுக்கு அங்கே எங்கள் பெட்டிச் சத்தம்தான் கேட்கும் என்று நினைத்திருந்தோம். அத்தனை வருஷமும் அப்படித்தானே நின்றார். அவர் கையில் இருப்பது வயர் இல்லாத மைக் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் நினைப்பில் மைக் என்றால் வயர் உண்டு. கொடுத்த சவுண்ட்காரருக்கு அண்ணன் இறங்குவார் என்பது தெரியாது.

இந்தத் தடவை குதிக்கவில்லை. ஒரு கையால் மேடைக் கம்பைப் பிடித்துப் படிப்படியாக இறங்கினார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார். கை கொடுத்தவர்களுக்குக் கை கொடுத்தார். பழைய இடம் வந்தது. அங்கே ஒரு கணம் தயங்கித் திரும்பிப் பார்த்தார். இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே மேலே நடந்தார். முன்பு எட்டவே முடியாத பின்வரிசைகளுக்குப் போகிறோம் என்ற சந்தோஷம் அவர் நடையில் தெரிந்தது. பெரிய பெட்டிகளைத் தாண்டினார்.

கால் நின்றது. எங்கள் பெட்டியில் குரல் நின்றது. மைதானத்தில் பாட்டு நிற்கவில்லை. அண்ணன் வாய் மூடியிருக்க, அவர் குரலே அவர் தலைக்கு மேலே உச்சிக்கு ஏறிப் போய்க்கொண்டிருந்தது. மறைப்புக்குப் பின்னால் இருந்த பையனுக்கு எதுவும் தெரியாது. மாஸ்டர் வாசித்துக்கொண்டே இருந்தார், நிறுத்தினால் ஊருக்கே தெரிந்துவிடும். அண்ணன் காதோரம் கையை வைத்துப் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். மேடையிலேயே வாழ்ந்தவர், அவருக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

மைக் இன்னும் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. எங்கள் காலடியில் முதலில் மூச்சு கேட்டது. பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைப் போல, "ஏலே... மேடைக்கு மட்டுந்தான் கேக்குது, இல்ல?" என்றது பெட்டி.

மைதானத்துச் சத்தத்தில் அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றவருக்கும் அது கேட்டிருக்காது. பதில் சொல்ல எங்களுக்கு வழி இல்லை. என் கையில் இருந்த மைக் ஊருக்கே கேட்கிற மைக். அண்ணன் பெண்கள் பக்கம் திரும்பினார். அங்கே மதினி எழுந்து நின்று, ஜெபமாலை சுற்றிய கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். தட்டிய கைகள்தான் சந்தோஷமாக இருந்தன. முகம் அப்படி இல்லை. அண்ணன் அவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்க மதினி கை தட்டிக்கிட்டு நிக்கிறா. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவகிட்டச் சொல்லிராதீங்கப்பா."

சொல்லிவிட்டு மைக்கை உதட்டோடு ஒட்டவைத்து வாயை அசைக்க ஆரம்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை. உச்சிக்குப் போகிற இடத்தில் கையையும் தூக்கினார். கடைசி வரி வரைக்கும் எங்கள் பெட்டியில் அவர் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலைப் போல எங்கள் நல்ல காலத்தில்கூட நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு நான் என்ன பேசிக் கூட்டத்தை அனுப்பினேன் என்பது எனக்கு நினைவில்லை.

திரும்பும்போது வேனில் மாஸ்டரின் அக்கா மகன் பின்சீட்டில் முகம் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். அண்ணன் மதினியிடம், "எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார். "அப்பிடியே பழைய மாதிரி இருந்துச்சுங்க" என்றார் மதினி. "ம்" என்று தலையாட்டிவிட்டு அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாடிக்கொம்பு தாண்டித் திண்டுக்கல் வருகிற வரைக்கும் திரும்பவில்லை.

சில மாதம் கழித்து, போன மழைக்காலத்தில், அவர் வீட்டுக்குப் போனேன். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. எதிரே அண்ணன் உட்கார்ந்திருந்தார். தலையில் சாயம் பாதி இறங்கி, அடி வெள்ளை தெரிந்தது. என் முழங்காலை விசாரித்தார், கடையை விசாரித்தார். பாட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிளம்பும்போது மதினி கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"அங்கிட்டுப் போயிட்டு வந்த நாள்ல இருந்து பாடுறதே இல்ல தம்பி" என்றார். "ஒரு வரி கெடையாது. காத்தால எந்திரிச்சதும் என் காது தானா அதத் தேடுது. வீடு கம்முன்னு கெடக்கு." கேட்டின் கொக்கியைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டார். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவுகளுக்குத் தெரிஞ்சுபோச்சோ?"

ஜன்னல் வழியாக அண்ணனின் பின்னந்தலை தெரிந்தது.

"இல்ல மதினி" என்றேன். "அவருக்கு எப்பிடித் தெரியும்?"

மதினி கொக்கியிலிருந்து கையை எடுத்தார். "அப்ப தொண்டையிலதான் மறுபடி ஏதோ இருக்கு தம்பி. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஒருக்கா உள்ள கேமரா விட்டுப் பாக்கச் சொல்லணும்" என்றார்.

"பாக்கச் சொல்லுங்க மதினி" என்றேன்.