மூக்கடியில் விரல், தொட்டிலுக்கு மேல் கேமரா

பிள்ளை பார்க்கும் வேலையில், பிள்ளை அழுதால் பயமில்லை. அழாமல் கிடந்தால்தான் பயம். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே காதை மட்டும் தொட்டில் பக்கம் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டில் கைக்குழந்தை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். அதன் அம்மா வித்யா மறுபடி ஆபீஸ் போக இருந்த சமயத்தில், அந்த வீட்டில் மானிட்டர் வாங்கினோம்.

சில்லென்ற விரல்

குழந்தை சத்தமில்லாமல் தூங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. போய் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். திரும்பி வந்து ஒரு சட்டையை மடிப்பேன். இப்போதும் வருகிறதா என்று சந்தேகம் வந்துவிடும். மறுபடி போவேன். பால் பாட்டில் கழுவிய கை என்றால் விரல் சில்லென்று இருக்கும். குழந்தை முகத்தைச் சுளித்து, வீல் என்று எழுந்துகொள்ளும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, "தூக்கமே பிடிக்கல இந்தப் பிள்ளைக்கு" என்று வித்யாம்மாவிடம் நானே போய்க் குறை சொல்வேன்.

ஒரு நாள் அவர், "ஒரு பேபி மானிட்டர் வாங்கிடலாம்க்கா. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றார். எனக்கு இருந்த கொஞ்ச நிம்மதியும் அங்கேயே போயிற்று. அந்த வீட்டில் சமைக்கும் ஸ்டெல்லாவுக்கும் என்னைப் போல ஜீவனஹள்ளியில்தான் வீடு. திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "மெஷின் வந்தா முதல்ல ஆளைத்தான் குறைப்பாங்க. பீன்யா ஃபேக்டரியில என் தம்பிக்கு அப்படித்தான் ஆச்சு."

மூன்று பெட்டி

வித்யாம்மா கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் மூன்று வகை எடுத்து வைத்தார். ஒன்றில் சத்தம் மட்டும் கேட்கும். ஒன்றில் கேமராவும், கையில் எடுத்துப்போக ஒரு சின்னத் திரையும் இருக்கும். மூன்றாவது போனில் தெரிவது, ஆபீஸில் இருந்தே வீட்டைப் பார்க்கலாம். போன் வகை வேண்டாம் என்று அவர் உடனே தள்ளிவைத்தார். ஏன் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். பயந்தவளுக்கு யோசனை எங்கே வருகிறது?

"சத்தம் கேக்குறது போதும்மா" என்றேன். கரண்ட் போனால் கேமரா நின்றுவிடும் என்றேன். பேட்டரி உண்டு என்றார் கடைக்காரர். பழைய வீடு, கனமான சுவர், படம் வராது என்றேன். வராவிட்டால் மாற்றித் தருகிறேன் என்றார். தூங்குகிற பிள்ளையை யாரும் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது, கண்பட்டுவிடும் என்றேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அம்மா, கேமரா வேண்டாம்னு பாப்பா சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

போட்டோ ஸ்டுடியோ

திரை வைத்த கேமராவையே வித்யாம்மா வாங்கினார். சுவரில் மாட்டியதுமே சோதித்துப் பார்க்கத் திரையோடு மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் நான், விசேஷத்துக்கென்று வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். தொட்டில் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். கொட்டாவியை வாய்க்குள்ளேயே முழுங்கினேன். முதுகு அரித்தது, சொறியவில்லை. வெந்நீர் கொண்டுவந்த ஸ்டெல்லா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்: "கல்யாணப் பொண்ணு மாதிரி உக்காந்திருக்கியே, டயப்பரை மாத்தப் போறது மாப்பிள்ளையா?"

பொட்டு

கண்பட்டுவிடும் என்று கடையில் சொன்னது பாதி சாக்கு, பாதி நிஜம். அந்தக் கேமரா இமைக்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தை கன்னத்தில் வைத்த மை விரலில் மிச்சம் இருந்தது. கேமராவுக்கும் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தேன். நன்றாகத் தெரியட்டும் என்று கண்ணாடி நடுவிலேயே வைத்தேன்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். செருப்புகூடப் போடாமல் வித்யாம்மா ஓடிவந்தார். திரையில் குழந்தையின் முகத்தையே காணோமாம். தொட்டிலைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், கடைசியில் என் விரலைப் பார்த்தார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, பொட்டு கன்னத்துல வைக்கணும். கண்ணுல இல்ல."

திரை யாருக்கு

ஆபீஸ் கிளம்பிய காலையில் திரையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இது எனக்கில்லக்கா, உங்களுக்கு" என்றார். "நீங்க போய்ப் போய் மூக்குல விரல வெச்சு எழுப்பிடுறீங்க. இனிமே ஹால்ல உக்காந்தே பாருங்க. உங்களை நம்பித்தானே நான் போறேன்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் என்னை அனுப்பிவிடவும் வேவு பார்க்கவும்தான் அது வருகிறது என்று நினைத்திருந்தேனே.

அவர் போனதும் ஹாலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். குழந்தை அசையவே இல்லை. போர்வையும் அசையவில்லை. குழந்தை தூங்குகிறதா, படம் நின்றுவிட்டதா? இதை எப்படித் தெரிந்துகொள்வது? எழுந்து போனேன். விரல் தானாக நீண்டது. வீல் என்ற சத்தம் தொட்டிலிலிருந்து ஒரு தரமும் என் கையிலிருந்த பெட்டியிலிருந்து ஒரு தரமும் வந்தது. சமையல்கட்டிலிருந்து ஸ்டெல்லா சொன்னாள்: "மானிட்டர் நல்லா வேலை செய்யுது போல, பிள்ளை முழிச்சிடுச்சே."

நீங்கள் எந்த வகை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் வீட்டில் என்னைப் போல ஒருத்தி இருந்தால் கேமராவைத் தொட்டிலுக்கு மேல் மாட்டாமல் அவள் விரலுக்கு மேல் மாட்டுங்கள்.